கடல் யாருக்குச் சொந்தம்?

நாம் பங்குப் பணி ஆற்றிவரும் ஒரகடம் வட்டாரத்திற்கும் கடலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் நெல் வயலுமாய் இருந்த இப்பகுதி இன்று இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொழிற்பேட்டைகள் வரிசையாய் எழுந்து, மோட்டார் வண்டிகளும் டயர்களும் கண்ணாடியும் மின்னணுப் பொருள்களும் உருவாகும் பூமியாய் மாறியிருக்கிறது. விடியுமுன் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் சாலையை நிறைக்கின்றன. இங்கே மண்ணைப் பற்றிய வழக்குகள் உண்டு. ஏரித் தண்ணீரைப் பற்றிய கவலை உண்டு. கடலைப் பற்றிய பேச்சு இங்கே எழுவானேன்?

ஆனால் அந்தப் பேச்சு நம் ஆலயத்திற்குள்ளேயே வந்துவிட்டது. அது எவ்வாறு வந்தது என்பதையும், அதனால் நாம் கற்றுக்கொண்ட பாடத்தையும் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

இரண்டு விண்ணப்பங்கள்

அண்மையில் ஒரு சனிக்கிழமை மாலை, தொழிற்சாலைச் சீருடையுடன் ஓர் இளைஞர் நம் இல்லத்து வாசலில் வந்து நின்றார். ஒப்பந்தத் தொழிலாளி. நான்கு நண்பர்களுடன் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருப்பவர். சொந்த ஊர் தங்கச்சிமடம். "சாமி, செவ்வாய்க்கிழமை அந்தோணியார் பூசை ஒன்று எங்க அப்பா பேருக்கு வைக்கணும்" என்றார். அப்பாவுக்கு உடல்நலம் இல்லையோ என வினவினோம். "இல்லை சாமி, சிலோன் நேவி பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. யாழ்ப்பாணம் ஜெயிலில் இருக்கார்" என்றார். தந்தை படகின் உரிமையாளரல்லர். பிடிபாட்டில் பங்கு பெறும் கூலித் தொழிலாளி.

மறுநாள் ஞாயிறு திருப்பலியில், விசுவாசிகள் மன்றாட்டின்போது, அயல்நாட்டுக் கடற்படையினரால் அநியாயமாகச் சிறைபிடிக்கப்பட்ட நம் மீனவச் சகோதரர் விடுதலை பெற வேண்டுமென்று நாமே ஒரு மன்றாட்டைச் சேர்த்துச் சொன்னோம். மக்களும் உருக்கமாய்ப் பதிலுரைத்தனர். பூசை முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது ஒரு தாய் உள்ளே வந்தார். மன்னார் தீவிலுள்ள பேசாலையில் பிறந்தவர்; 1990-இல் போருக்கு அஞ்சிப் படகேறி மண்டபம் வந்து, பின் இங்கே குடும்பமாய் நிலைத்தவர். ஆண்டுக்கணக்கில் நம் ஆலயத்திற்கு வருபவர். அதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

"பாதர், அந்தப் பிள்ளையின்ர தகப்பனுக்காக நானும் செபிக்கிறன். ஆனால் பேசாலையில் என்ர தம்பி கடன் வாங்கிப் போட்ட வலையை போன கிழமை இந்திய ரோலர் அறுத்துக்கொண்டு போயிட்டுது. அவனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதனாலேயே நமக்கு வெட்கமாயிருந்தது. இறைவனின் பீடத்தின் முன் நின்று, வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதிவிட்டோமே என்று மனம் உறுத்தியது. அன்று தொடங்கி இந்த விவகாரத்தின் வேரைத் தேடிப் படிக்கலானோம்.

கடலுக்கு எல்லை வந்த கதை

கடலில் வேலி போட முடியுமா? 1609-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் முடியாது என்றார். கடல் அனைவர்க்கும் பொது என்று நூல் எழுதினார். எனினும் கரையோர நாடுகள் தம் வாசலைத் தாமே காக்க விரும்பின. கரையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை அந்நாட்டுக்குச் சொந்தம் என்ற கருத்து எழுந்து, அது 3 கடல் மைல் என்னும் வழக்கமாயிற்று. ஒரு கடல் மைல் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்.

பாய்மரமும் துடுப்பும் இருந்த காலத்தில் இது போதுமானதாயிருந்தது. எந்திரப் படகுகளும் பனிக்கட்டி அறைகளும் வந்தபின், ஒரு நாட்டின் கப்பல் மற்றொரு நாட்டின் வாசலில் நின்று மீனை வாரிச் செல்ல முடிந்தது. ஐஸ்லாந்து என்னும் சிறு நாடு தன் எல்லையை 1958-இல் 12 மைலாகவும், 1972-இல் 50 மைலாகவும், 1975-இல் 200 மைலாகவும் விரித்தது. பிரித்தானியா போர்க்கப்பல்களை அனுப்பித் தன் மீனவரைக் காத்தது. ஐஸ்லாந்தின் காவல் படகுகளோ பிரித்தானிய இழுவலைகளின் கம்பிகளை அறுத்தெறிந்தன. இரு நாடுகளும் ஒரே இராணுவக் கூட்டணியின் உறுப்பினர்! 1976-இல் பிரித்தானியா இறங்கிவந்தது; அதன் மீன்பிடித் துறைமுகங்கள் பல நலிவுற்றன.

1982-இல் ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கை உருவாகி, 1994-இல் நடைமுறைக்கு வந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல்வரை ஆட்சிக் கடல். 200 கடல் மைல்வரை மீன் முதலிய வளங்களின்மேல் தனி உரிமை என்பது அதன் சாரம். இந்தியாவும் இலங்கையும் இதனை ஏற்றுள்ளன.

ஆனால் இந்த அளவுகோல் நம் பாக் நீரிணையில் எடுபடுமா? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இருபுறமும் பன்னிரண்டு மைல் அளந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆகவே நடுவே ஒரு கோடு கிழிக்க வேண்டியதாயிற்று.

ஒரு கோடும் இரண்டு ஒப்பந்தங்களும்

வெள்ளையர் ஆட்சியிலேயே 1921-இல் சென்னை அரசின் பிரதிநிதிகளும் இலங்கையின் பிரதிநிதிகளும் கொழும்பில் கூடி மீன்பிடி எல்லையைப் பற்றிப் பேசினர். கச்சத்தீவு யாருக்கு என்பதே அன்றும் சிக்கலாயிருந்தது. இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனைச் சேர்ந்தது என்று இந்தியத் தரப்பு கூறிற்று, இலங்கை மறுத்தது. பேசி வரைந்த கோடு உறுதி பெறாமலே போயிற்று.

பின்னர் 1974 ஜூன் மாதம், இந்தியப் பிரதமர் திருமதி இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். பாக் நீரிணையில் எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே அமைந்தது. தீவு இலங்கையின் பக்கம் சென்றது. தமிழகத்தில் அன்றே எதிர்ப்பு எழுந்தது. அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், அதற்கு விசா முதலிய பயணப் பத்திரங்கள் தேவையில்லை என்றது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்றது.

1976 மார்ச் மாதம் இரண்டாவது ஒப்பந்தம் ஏற்பட்டு, மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கப்பட்டது. அதனையொட்டி இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கலாகாது என்பது தெளிவாக்கப்பட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்னும் வளமிக்க மீன்திட்டு அப்போது இந்தியாவின் உரிமையாயிற்று. அங்கே மீன்பிடித்து வந்த இலங்கைக் கப்பல்கள் மூன்றாண்டுத் தவணைக்குப் பின் விலக வேண்டியதாயிற்று. இழந்தோம் என்று மட்டும் பேசுவோர் இதனையும் நினைவிற்கொள்வது நேர்மையாகும்.

"முன்போலவே" என்னும் அந்த ஒரு சொல்லே இன்றுவரை வழக்கிற்கு இடமாயிருக்கிறது. மீன்பிடிக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்பது தமிழக மீனவர் வாதம். வலை உலர்த்தவும் இளைப்பாறவும் திருவிழாக் காணவுமே அது பொருந்தும் என்பது இலங்கையின் வாதம். கச்சத்தீவு குறித்து 2008-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது; தீவை மீட்குமாறு 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டத்தின் முடிவைச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் 285 ஏக்கர் பரப்புள்ள, குடிநீர் இல்லாத, மக்கள் குடியிராத அத்தீவு நாளையே நம் வசம் வந்தாலும், இறால் மிகுந்த கடற்பரப்பு அதற்கும் அப்பால், வட இலங்கையின் கரையோரமாய் அன்றோ இருக்கிறது? ஆகவே தீவின் வழக்கு வேறு. வலையின் வழக்கு வேறு. இரண்டையும் ஒன்றாய்க் குழப்பிக்கொள்வதால் இரண்டும் தீராமல் நிற்கின்றன.

அந்தோணியார் கோயில்

அந்த ஆளில்லாத் தீவில் இருப்பது ஓர் ஆலயம் மட்டுமே. கடலோடிகளின் காவலரான புனித அந்தோணியாரின் ஆலயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளையைச் சேர்ந்த ஒரு மீனவர் அதனை எழுப்பினார் என்பது வழிவழி வரும் செய்தி. தவக்காலத்தையொட்டி நிகழும் திருவிழாவிற்கு இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் மக்களும், நெடுந்தீவு, குருநகர், மன்னார் மக்களும் படகுகளில் வந்து கூடுவர். கிறிஸ்தவரல்லாதாரும் திரளாய் வருவர். பெண் கொடுத்தலும் கொள்ளலும் அங்கே பேசி முடிக்கப்பட்டன, பண்டங்கள் கைமாறின, பிரிந்த உறவினர் ஒருவரையொருவர் கண்டு அழுதனர்.

இந்த உறவு நேற்று வந்ததன்று. புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து உழைத்த காலத்திலேயே மன்னார் மக்கள் அவரை அழைத்தனர், விசுவாசத்தை ஏற்றனர், 1544-இல் அதற்காக இரத்தமும் சிந்தினர். இரு கரைகளும் ஒரே வேதத்தால் வளர்ந்தவை; ஒரே மொழியில் செபமாலை சொல்பவை.

போரின்போது திருவிழா நின்றது. போர் முடிந்தபின் மீண்டும் தொடங்கியது. 2016 டிசம்பரில் இலங்கைக் கடற்படையினர் கட்டிக்கொடுத்த புதிய ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. மீனவரைச் சிறைபிடிக்கும் அதே கடற்படை மீனவரின் புனிதருக்கு ஆலயம் கட்டியது என்பதை எண்ணும்போது, மனிதர் உள்ளம் எத்தனை முரண்பாடுகளால் ஆனது என வியக்கிறோம். 2024-இல் சிறைத்தண்டனை பெற்ற படகோட்டிகளுக்காக இராமேசுவரம் மீனவர் திருவிழாவையே புறக்கணித்தனர். அந்தோணியாரின் முற்றத்திலும் வழக்கு வந்து நின்றது.

இழுவைமடி வந்த வரலாறு

முன்னாளில் இரு கரையினரும் நாட்டுப்படகிலும் வத்தையிலும் சென்று, செவுள்வலை வீசி, ஒருவர் அருகே மற்றவர் மீன்பிடித்தனர். மீன் குறையவில்லை, சண்டையும் பெரிதாய் மூளவில்லை. நிலைமை மாறியது எங்ஙனம்?

1950-களில் நார்வே நாட்டின் உதவியுடன் கேரளக் கரையில் எந்திரப் படகுத் திட்டம் தொடங்கியது. அயல்நாடுகளில் இறாலுக்குக் கிராக்கி ஏற்படவே, 1960-களில் இழுவைமடி பூட்டிய விசைப்படகுகள் பெருகின. அரசே கடனும் மானியமும் கொடுத்து ஊக்கிற்று. இழுவைமடி என்பது பை போன்ற வலை. பாரமான பலகைகளையும் சங்கிலியையும் கட்டிக் கடலின் அடித்தரையோடு இழுத்துச் செல்வது. இறாலோடு குஞ்சும் பொடியும், பாசியும் சிப்பியும் அனைத்தும் அதில் வந்து சேரும். விலைபோகாத சிறு மீனைச் 'சங்காயம்' என்று தள்ளிக் கோழித் தீவனத்திற்கு விற்பர். உழவர் மொழியிற் சொன்னால், கதிரை அறுப்பதற்குப் பதில் விதைநெல்லையும் சேர்த்து வாரிவிடுவது இது.

பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்டது. அடித்தரையைச் சுரண்டுவதற்கு எளிது, அழிவதற்கும் எளிது. நாட்டுப்படகு மீனவருக்கும் விசைப்படகு மீனவருக்கும் நம் கரையிலேயே 1970-களில் மோதல் மூண்டது. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கே என்று ஒதுக்கப்பட்டது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்னும் முறையும் ஏற்பட்டது.

இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். இராமேசுவரத்திலிருந்து பதினைந்து கடல் மைலுக்கும் குறைவான தொலைவிலேயே எல்லைக்கோடு வந்துவிடுகிறது. முதல் மூன்று மைலில் மடி இறக்கக் கூடாது. எஞ்சிய குறுகிய பட்டையில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் ஒரே நாளில் இறங்கினால் எத்தனை நாள் மீன் இருக்கும்? நம் பக்கத்து வளத்தை நம் மடியே தீர்த்தது. பின் மடி வளமிருக்கும் இடம் தேடிற்று. தங்கச்சிமடத்து இளைஞர் நம்மிடம் மறைக்காமல் சொன்னார்: "எல்லை தாண்டினது உண்மைதான் சாமி. தாண்டலைன்னா டீசல் காசுகூடத் தேறாது."

போரும் அதன் பின்னும்

1983 முதல் 2009 வரை இலங்கையில் நிகழ்ந்த உள்நாட்டுப் போர் இந்தக் கணக்கை மறைத்து வைத்தது. வட இலங்கை மீனவருக்குக் கடல் அடைக்கப்பட்டது. தூரத்திற்குத் தடை, நேரத்திற்குத் தடை, எந்திரத்திற்குத் தடை. அம்மக்கள் அகதிகளாயினர், நம் கரையினர் அவர்களை ஏற்று உணவும் நிழலும் தந்தனர் என்பது என்றும் மறக்கலாகாத அறம். அதே காலத்தில் ஆளில்லாத அவர்கள் கடலில் நம் படகுகள் தடையின்றி மீன் பிடித்தன என்பதும் உண்மை. கடற்படையின் குண்டுக்கு நம் மீனவர் பலர் இரையாயினர் என்பதும் உண்மையே.

போர் முடிந்தது. வட இலங்கை மீனவர் சாம்பலிலிருந்து எழுந்து, கடன் வாங்கி, வலை வாங்கிக் கடலுக்கு வந்தனர். வந்தால், வாரத்தில் மூன்று இரவுகள் தம் கரையிலிருந்தே இந்திய விசைப்படகுகளின் விளக்குகள் தெரிகின்றன! விரித்த வலை காலையில் இல்லை. ஒரு வலை அறுந்தால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு போயிற்று. இழந்தவரும் தமிழர்; இழப்புக்குக் காரணமானவரும் தமிழர்; பலவேளைகளில் இருவருமே கத்தோலிக்கர்.

இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தன் நாட்டு மீனவருக்கும் சேர்த்தே சட்டத்தால் தடை செய்தது. 2018-இல் அயல்நாட்டுப் படகுகளுக்குப் பெரும் அபராதம் விதிக்கும் சட்டத் திருத்தமும் வந்தது. பிடிபட்ட படகுகள் மயிலிட்டி முதலிய துறைகளில் கிடந்து மக்குகின்றன. 2022-இல் பல படகுகள் ஏலம் விடப்பட்டன. 2024-இல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர் சிறைபிடிக்கப்பட்டனர்.

உயிர்ச்சேதமும் நின்றபாடில்லை. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு மாண்டார். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற படகு கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்க, நால்வர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழர். 2024 ஜூனில் இந்தியப் படகைப் பிடிக்க முயன்ற இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். ஆறு வாரத்திற்குள், ஆகஸ்டில், படகு மோதி இராமேசுவரம் மீனவர் ஒருவர் மாண்டார். ஒவ்வொரு சாவின் பின்னும் ஒரு தாய் இருக்கிறாள். அவள் கண்ணீருக்கு எல்லைக்கோடு உண்டா?

முயற்சிகள் இல்லாமல் இல்லை

அரசுகளைவிட மீனவரே முதலில் வழிகண்டனர் என்பது நமக்கு ஆறுதல் தருகிறது. 2004-இல் தமிழக மீனவர் குழு இலங்கை சென்று பேசியது. 2010-இல் இலங்கை மீனவர் சென்னை வந்தனர். ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவது, அதுவரை ஆண்டிற்கு 70 நாள் மட்டும் கரையை விட்டு விலகி நின்று பிடிப்பது என்று இரு தரப்பும் மனமொப்பின. அந்த உடன்பாட்டை அரசுகள் தாங்கிப்பிடிக்கவில்லை. அது காகிதத்திலேயே நின்றது. 2014-இலும் 2015-இலும் மீண்டும் பேசினர். 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்கள் டில்லியில் கூடிக் கூட்டுப் பணிக்குழு அமைத்தனர். இழுவைமடியை முடிவுக்குக் கொண்டுவருவதே குறிக்கோள் என்று ஏற்றனர்.

2017-இல் 2,000 விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாய் மாற்ற ஒரு திட்டம் வந்தது. ஒரு படகின் விலை 80 இலட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு, வங்கிக் கடன் ஐந்தில் ஒரு பங்கு, மீனவர் பத்தில் ஒரு பங்கு. திட்டம் நல்லதே. ஆனால் கடலில் இறங்கிய படகுகளின் தொகை இரண்டாயிரத்தின் பக்கமே வரவில்லை. காலையில் சென்று மறுகாலை திரும்பிய மீனவரை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழிலுக்குத் திருப்புவது எளிதா? கடன் அடையும் என்ற உறுதியும், பயிற்சியும், துறைமுக வசதியும் முதலில் வேண்டும். அடித்தளமின்றி மாடி கட்ட இயலாது.

அண்டை மாநிலத்தின் முன்மாதிரியும் நமக்கு உண்டு. கேரளத்தில் சிறு மீனவர் இயக்கத்தோடு குருக்களும் கன்னியரும் தோள் கொடுத்து நின்றனர். அருட்தந்தை தாமஸ் கோச்சேரி அவர்களின் பெயர் அதில் முதன்மையானது. அவர்கள் போராட்டத்தின் பயனாக 1988-இல் மழைக்கால இழுவலைத் தடை வந்தது. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கடலுக்கு ஓய்வு கிடைத்தது. நம் கிழக்குக் கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை நிலவுகிறது. கடலுக்கு ஓய்வுநாள் வேண்டும் என்னும் ஞானம் நமக்குப் புதிதன்று. ஓய்வுநாளின் மக்களன்றோ நாம்?

எதிர்மாறான பாடமும் உலகில் உண்டு. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் நூற்றாண்டுகளாய்க் காட் மீன் அள்ளக் குறையாதிருந்தது. பெரிய இழுவலைக் கப்பல்கள் வாரிய பின், 1992-இல் அரசு மீன்பிடிப்பையே நிறுத்த நேர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் ஒரே நாளில் தொழிலிழந்தன. எல்லைச் சண்டையில் வெல்பவர் யாராயினும், மீன் அழிந்தால் இருவரும் தோற்றவரே.

நாம் செய்யக்கூடியது யாது?

ஒரகடத்தில் வாழும் நாம் இதற்கு என்ன செய்ய முடியும் என்று சிலர் வினவலாம். முதலாவது, உண்மையை முழுமையாய்ப் பேசலாம். நம் மீனவரைச் சுடுவதும் அடிப்பதும் கொடுமை. அதனை எவரும் நியாயப்படுத்த முடியாது. நிராயுதபாணியான ஏழையை ஏழையாகவே நடத்த வேண்டும். அதுபோலவே பிறர் வலையை அறுப்பதும் திருட்டுக்கு ஒப்பானதே. ஏழையின் வலை என்பதால் பாவம் பெருகுகிறதேயன்றிக் குறைவதில்லை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் பாதி உண்மையைச் சொல்பவர். நாமே அவ்வாறு பேசியவர் என்பதை மேலே ஒப்புக்கொண்டுள்ளோம்.

இரண்டாவது, இழுவைமடியை விடச் சொல்வது எளிது. விடுபவருக்கு மாற்று வாழ்வு காட்டுவது கடினம். படகு முதலாளியின் நட்டம் பெரிதாய்ப் பேசப்படுகிறது. பங்குக்கு உழைக்கும் கூலியின் நட்டத்தை யார் பேசுகிறார்? சிறை செல்பவர் பெரும்பாலும் அவரே. ஈட்டுத்தொகை வழங்கும்போது அவர் பெயரும் ஏட்டில் இருக்க வேண்டுமென்று நம் சங்கங்கள் குரல் எழுப்பலாம்.

மூன்றாவது, கடற்கரையை விட்டு நம் தொழிற்பேட்டைக்கு வந்து நிற்கும் இளைஞர்கள். தந்தையின் கடனைத் தீர்க்க வந்தவர்கள் இவர்கள். ஒப்பந்த வேலை எப்போது முடியுமோ என்ற அச்சத்தில், பத்தடி அறையில் முறை வைத்து உறங்குகிறார்கள். ஞாயிறன்று ஆலயத்தின் பின்வரிசையில் நின்று, எவரோடும் பேசாமல் போய்விடுகிறார்கள். நம் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒருவரைத் தம் வீட்டு உணவிற்கு அழைத்தால் என்ன? அந்தோணியார் உண்டியலில் ஒரு பகுதியைச் சிறைப்பட்டோர் குடும்பத்திற்கு அனுப்பினால் என்ன? அடுத்த மாதம் முதல் நம் பங்கில் இவ்விரண்டையும் தொடங்க மன்றம் இசைந்திருக்கிறது.

ஆறு வாரத்திற்குப் பின் அந்தத் தந்தை விடுதலையானார். விடுதலை பெறுவோரைக் கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து வேனில் ஊருக்கு. இரவு வேலையை விட்டுவிட்டு மகன் மீனம்பாக்கம் ஓடினார். வாசலில் பத்து நிமிடம் பார்க்க முடிந்தது. வாழ்நாளெல்லாம் கடலில் திரிந்த மனிதர், முதன்முதலாய் விமானத்தில் ஏறியது இப்படியாயிற்று. "இனி கடலுக்குப் போகமாட்டேன்னு சொன்னார் சாமி. ஆனா திங்கட்கிழமை டோக்கன் போட்டால் போயிடுவார். வேறென்ன தெரியும் அவருக்கு?" என்றார் மகன்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின், ஆலய வாசலில் பேசாலைத் தாய் அவரைத் தேடி வந்து, "அப்பா சுகமாய் வந்து சேர்ந்தவரோ, தம்பி?" என்று கேட்டார். இளைஞர் தலைகுனிந்து நின்றார். பின், "உங்க தம்பியோட வலை என்ன விலைக்கா?" என்றார். விலையைக் கேட்டதும் மேலும் தலைகுனிந்தார். தந்தை சென்ற படகுதான் அந்த வலையை அறுத்தது என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் அவ்விருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். டில்லியிலும் கொழும்பிலும் நடவாத பேச்சுவார்த்தை நம் ஆலய வாசலில் நடந்தது என்று மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆனால் பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

கெனசரேத்து ஏரியில் வலை கிழியுமளவு மீன் விழுந்தபோது, பேதுரு அதனைத் தமக்கே என்று வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த படகிலிருந்த தோழர்க்குச் சைகை காட்டினார். இரண்டு படகுகளும் நிரம்பின என்கிறார் நற்செய்தியாளர் லூக்கா. அடுத்த படகில் இருப்பவன் பகைவனல்லன், தோழன் என்று அறிந்தவர்களையே ஆண்டவர் தம் பணிக்கு அழைத்தார்.

இப்போதெல்லாம் நம் மன்றாட்டை மாற்றிச் சொல்கிறோம்: சிறையிலிருக்கும் மீனவருக்காகவும், வலையிழந்த மீனவருக்காகவும், அவர்கள் இருவரையும் உண்பிக்கும் கடலுக்காகவும். அன்பார்ந்த குடும்பங்களே, இன்றிரவு செபமாலையின் முடிவில் நீங்களும் இதனைச் சேர்த்துச் சொல்லுங்கள். கடல் யாருக்குச் சொந்தம் என்று பிள்ளைகள் கேட்டால், அதனைப் படைத்தவருக்கே சொந்தம், நாம் அதில் பங்கு பெறும் கூலிகளே என்று கூறுங்கள்.